தெட்ஃபர்டில் ஒரு பஞ்சாப் இளவரசர்: சின்ன ஊர் மியூசியங்கள் எப்படி உருவாகின்றன?

இங்கிலாந்தின் சின்னச் சந்தை ஊர்கள் பலவற்றில் கடைத்தெருவை ஒட்டியே ஒரு மியூசியம் இருக்கும். பழைய மர வீட்டிலோ, மூடிப்போன சிறைச்சாலையிலோ, தானியச் சந்தைக் கட்டடத்திலோ நாலைந்து அறைகள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் ரோமானியக் காசு, அடுத்ததில் விக்டோரியா காலத்துத் தையல் இயந்திரம், மூலையில் பாடம் செய்த ஆந்தை, சுவரில் யாரோ ஒரு மேயரின் படம். உள்ளே நுழைந்து அரை மணியில் வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எதற்காக இதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ரோமானியக் காசுக்கும் தையல் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிவிட்டு டீக்கடை தேடிப் போய்விடுவார்கள்.

அந்தக் குழப்பம் நியாயமானதுதான். ஊரின் வரலாற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு உட்கார்ந்து உருவாக்கிய இடங்கள் அல்ல இவை. யார் எதைக் கொடுத்தார்களோ அது இருக்கிறது, யாரும் கொடுக்காதது இல்லை, அவ்வளவுதான். அதனால் பொருளுக்குக் கீழே பெரிய எழுத்தில் இருக்கும் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு நகராமல், அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'இன்னார் வழங்கியது' என்று இருக்கும் வரியையும் படித்தால் கதை வேறு மாதிரி விரியும். இதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள தெட்ஃபர்ட். லண்டனிலிருந்து வடகிழக்கே நார்விச் போகும் வழியில் இருக்கிறது. அங்கே மியூசியத்துக்கு வீட்டையே கொடுத்தவர் பஞ்சாபின் கடைசி மகாராஜாவுடைய மகன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் கடை விரித்துவிட முடியாது. வாரச் சந்தை கூட்டும் உரிமையை மன்னரிடம் சாசனமாக வாங்க வேண்டும், இல்லையென்றால் நெடுங்காலமாக இங்கே சந்தை நடந்துவருகிறது என்று காட்ட வேண்டும். அந்த உரிமை இருந்த ஊருக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் கட்டுப்பட்டவை, தானியமும் ஆட்டு ரோமமும் அங்கேதான் வந்து கைமாறும், தராசும் தீர்வையும் தகராறும் அங்கேதான். தெட்ஃபர்ட் அப்படிப்பட்ட ஊர்தான், ஆனால் ஒரு காலத்தில் அதைவிட எவ்வளவோ பெரிதாக இருந்த ஊர். 869இல் டேனிய வைக்கிங் படை வந்து குளிர்காலம் முழுக்க இங்கேதான் முகாமிட்டது, அந்தச் சமயத்தில்தான் இந்த வட்டாரமான கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 11ஆம் நூற்றாண்டில் நாட்டின் பெரிய ஊர்களில் ஒன்றாக இருந்தது, சில பத்தாண்டுகளுக்கு மறைமாவட்ட ஆயரின் தலைமையிடமும் இங்கே இருந்தது. 1090களில் அது நார்விச்சுக்கு இடம் மாறியது, ஊரும் மெல்ல மெல்ல சுருங்க ஆரம்பித்தது. பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்கள் மண் கொட்டி எழுப்பிய கோட்டை மேடு இன்றும் ஊருக்கு நடுவில் நிற்கிறது, இங்கிலாந்திலேயே உயரமான கோட்டை மேடுகளில் அது ஒன்று. மேலே கோட்டைதான் இல்லை.

ஊர் சுருங்கினாலும் அதன் பழைய அந்தஸ்துகள் சும்மா போய்விடவில்லை. 1868 வரை தெட்ஃபர்ட் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது, 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நகரக் குழுவைச் சேர்ந்த முப்பது சொச்சம் பேர். அந்த முப்பது பேரும் கிராஃப்டன் பிரபுவின் கண்ணசைவுக்கு ஏற்ப ஓட்டுப் போட்டவர்கள். இதே ஊரில், பெண்கள் உடைக்குள் அணியும் இறுக்குக் கச்சை தைக்கிற ஒருவரின் மகனாக 1737இல் பிறந்து, ஊர்ப் பள்ளியிலேயே படித்துவிட்டுப் போனவர்தான் தாமஸ் பெய்ன். பிற்பாடு அமெரிக்கா போய், மன்னராட்சி எதற்கு என்று 1776இல் ஒரு சிறு நூல் எழுதி அங்கே விடுதலைப் போருக்கு எண்ணெய் ஊற்றினார். திரும்பி வந்து மனித உரிமைகளைப் பற்றி எழுதியதற்காக 1792இல் அவர் இல்லாமலேயே இங்கிலாந்தில் வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். ஊருக்கு ஊர் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். பிரதிநிதித்துவம் என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பற்றி அவர் அத்தனை காரமாக எழுதியதற்குச் சின்ன வயதில் பார்த்த தெட்ஃபர்டும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும், நிரூபிக்க முடியாது.

பெய்ன் பிறந்த வீடு இன்று இல்லை. அது இருந்த ஒயிட் ஹார்ட் தெருவிலேயேதான் நம் மியூசியமும் இருக்கிறது.

ஏன்ஷியன்ட் ஹவுஸ் என்று பெயர். 1490 வாக்கில், டியூடர் ஆட்சியின் தொடக்கத்தில், வசதியான ஒரு வணிகருக்காகக் கட்டிய மரச்சட்ட வீடு. மேல்மாடி தெருப் பக்கமாகச் சற்று முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனதும் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஓக் மர உத்தரங்களில் செதுக்கு வேலை இருக்கும், வந்து போகும் வியாபாரிகளுக்குத் தன் செல்வத்தைக் காட்ட நினைத்தவர் அந்தக் காலத்தில் இப்படித்தான் கூரையில் காசைக் கொட்டினார். பின்னால் முற்றத்தில் டியூடர் காலத்து மூலிகைச் செடிகளை வளர்க்கிறார்கள். இப்படி ஒரு வீடு 400 ஆண்டுகள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் வறுமைதான். பணம் புரண்ட ஊர்களில் 18ஆம் நூற்றாண்டிலேயே இதுபோன்ற வீடுகளை இடித்துவிட்டுச் செங்கல் மாளிகை கட்டிவிட்டார்கள். சுருங்கிப்போன ஊரில் இடித்துக் கட்ட யாரிடம் காசு இருந்தது?

1921இல் இந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தவர் இளவரசர் ஃபிரெடரிக் துலீப் சிங். 1924இல் மியூசியமாகத் திறந்தார்கள்.

இங்கேதான் கதை பஞ்சாப் போகிறது. ஃபிரெடரிக்கின் அப்பா துலீப் சிங், பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் மகன். 1838இல் பிறந்தவர், ஐந்து வயதில் அரியணை ஏறியவர். இரண்டு ஆங்கிலேய சீக்கியப் போர்களுக்குப் பிறகு 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி பஞ்சாபை இணைத்துக்கொண்டபோது அவருக்குப் பத்து வயது. நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வைத்தார்கள். தாய் ஜிந்த் கௌரை அதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள். ஆங்கிலேயப் பாதுகாவலரிடம் வளர்ந்து, 1853இல் கிறிஸ்தவராகி, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு வந்து, விக்டோரியா ராணியின் செல்லப் பிள்ளைகளில் ஒருவரானார். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓய்வூதியம். 1863இல் தெட்ஃபர்டிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் எல்வடன் பண்ணையை வாங்கிக் கொடுத்தார்கள், சுமார் 17 ஆயிரம் ஏக்கர். வெளியே பார்த்தால் ஆங்கிலேயப் பிரபுவின் மாளிகை, உள்ளே முகலாயர் பாணி வேலைப்பாடு என்று அதை மாற்றிக் கட்டினார். வேட்டையில் நாட்டின் முதல் வரிசைத் துப்பாக்கிக்காரர் என்று பெயர் எடுத்தார். பல ஆண்டு பிரிவுக்குப் பின் 1861இல் தாயை மீண்டும் சந்தித்துத் தன்னோடு அழைத்துவந்தார், இரண்டே ஆண்டில் அவர் லண்டனில் இறந்துபோனார்.

வயது ஏற ஏற, தனக்கு நடந்தது என்ன என்பது துலீப் சிங்குக்கு உறைத்தது. பணத் தகராறும் சேர்ந்துகொண்டது. 1886இல் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குக் கிளம்பினார். ஏடனில் தடுத்து நிறுத்தினார்கள். அங்கேயே சீக்கிய மதத்துக்குத் திரும்பினார், குடும்பத்தை இங்கிலாந்துக்கே அனுப்பிவிட்டார். ரஷ்யாவின் உதவியைத் தேடி அலைந்து ஒன்றும் நடக்காமல், 1893இல் பாரிஸில் இறந்தார். உடலை எல்வடனுக்குக் கொண்டுவந்து தேவாலயத்து மண்ணில் புதைத்தார்கள். பண்ணையை அடுத்த ஆண்டே கின்னஸ் பியர் குடும்பத்துக்கு விற்றாயிற்று.

ஃபிரெடரிக் அந்தக் குடும்பத்தின் இரண்டாவது மகன், 1868இல் பிறந்தவர். அப்பா ஏடனில் மாட்டிக்கொண்டபோது வயது 18. ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜில் வரலாறு, குதிரைப்படையில் அதிகாரி என்று ஒரு ஆங்கிலக் கனவானின் வாழ்க்கை. கடைசிக் காலத்தில் நார்ஃபோக்கிலேயே பிளோ நார்ட்டன் என்ற கிராமத்தில் அகழி சூழ்ந்த பழைய வீட்டில் இருந்தார். பழம்பொருள், பழைய தேவாலயம், பழைய உருவப்படம், இவைதான் அவருக்கு மூச்சு. வட்டாரத்துப் பண்ணை வீடுகளில் மாட்டியிருந்த உருவப்படங்களையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தார். தான் சேர்த்த கிழக்கு ஆங்கிலியப் பிரமுகர்களின் படத் தொகுப்பைத் தெட்ஃபர்டுக்கே கொடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் மன்னர்கள் மீது அப்படி ஒரு பக்தி, அவர்களில் ஒருவரான முதலாம் சார்லஸின் தலையை வெட்ட வைத்த கிராம்வெல்லின் படத்தைக் கழிப்பறையில் தலைகீழாக மாட்டியிருந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். (வேடிக்கை என்னவென்றால், 1964இல் அமெரிக்கப் பணத்தில் ஊருக்கு நடுவே வைத்த பெய்னின் தங்க முலாம் சிலையில், கையிலிருக்கும் புத்தகம் தலைகீழாக இருக்கிறது. மன்னராட்சியே வேண்டாம் என்றவருக்கும் மன்னர் பக்தருக்கும் ஒரே ஊரில் தலைகீழ் ராசி.)

ராஜ்யத்தை இழந்த ஒருவரின் மகன் எதற்கு அந்த ராஜ்யத்தைப் பறித்தவர்களுடைய ஊர்ப் பழமையை இத்தனை ஆசையாகக் காப்பாற்றினார்? பலர் இதை நன்றி என்றும், சிலர் அடிமை மனம் என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். அவருக்குப் பஞ்சாப் என்பது அப்பாவின் துக்கம், அவர் வளர்ந்து நடந்த மண் இந்த நார்ஃபோக், சஃபோக் மணல்காடுதான். அந்த வட்டாரத்தை அங்கே ஏழு தலைமுறையாக இருந்தவர்களைவிட அவர் கூர்ந்து பார்த்திருக்கிறார், அதில் வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையின் கண்ணும் கொஞ்சம் இருந்திருக்கலாம். தங்கை சோஃபியாவோ நேர் எதிர்த் திசையில் போனார், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1910 நவம்பரில் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்த கூட்டத்தில் முன்னணியில் இருந்தவர், ஓட்டு இல்லையென்றால் வரியும் இல்லை என்று அபராதத்துக்கும் ஜப்திக்கும் ஆளானவர். பெண்களில் மூத்தவர், தாயின் பெயரையே கொண்ட பம்பா, லாகூருக்கே போய் 1957இல் அங்கேயே இறந்தார். துலீப் சிங்கின் பிள்ளைகள் யாருக்கும் வாரிசு இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே இழப்பை எத்தனை விதமாகச் சுமந்தார்கள் என்பதை இந்த மியூசியம் இருக்கும் தெருவில் நின்று யோசித்தால் பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று பிடிபடும்.

இன்று மியூசியத்தில் இந்தக் குடும்பத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பிரிட்டனில் இருக்கும் சீக்கியர்கள் இதற்காகவே கிளம்பி வருகிறார்கள். 1999இல் ஊர் ஆற்றின் நடுவே பட்டன் தீவில் துலீப் சிங் குதிரை மீது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையை அப்போதைய இளவரசர் சார்லஸ் திறந்துவைத்தார்.

சரி, வீட்டுக்குள் மற்றதைப் பார்ப்போம். தெட்ஃபர்டைச் சுற்றிய பகுதிக்கு பிரெக்லேண்ட் என்று பெயர். மேலே மணல், கீழே சுண்ணாம்பு, அதற்குள் சிக்கிமுக்கிக் கல். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் அலமாரியில் இருக்கும் பாதிப் பொருள்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும். பக்கத்திலேயே கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் மான் கொம்பை வைத்தே தோண்டி, தரைக்குக் கீழே 12 மீட்டருக்கும் ஆழமாக இறங்கி, கோடாரி செய்யத் தரமான கல்லை எடுத்திருக்கிறார்கள். அப்படி 400க்கும் மேற்பட்ட குழிகள் உண்டு. அதே கல்தான் நெப்போலியன் போர்க் காலத்தில் பக்கத்து ஊர் பிராண்டனுக்குச் சோறு போட்டது, துப்பாக்கியில் தீப்பொறி எழுப்பும் சில்லுகளை அங்கிருந்து படைக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். விவசாயத்துக்கு ஒத்துவராத மணலில் துறவி மடத்தார் முயல் வளர்த்தார்கள். இறைச்சியும் தோலும் நல்ல வருமானம், அதனால் முயல் திருடர்களிடமிருந்து காக்க 1400 வாக்கில் கோட்டை மாதிரி ஒரு காவல் வீடே கட்டினார்கள், அது ஊருக்கு வெளியே இன்னும் நிற்கிறது. முயலும் ஆடும் புல்லை மேய்ந்து தீர்க்க மணல் பறக்க ஆரம்பித்து, 1668 வாக்கில் சான்டன் டவுனம் என்ற கிராமத்தையே மூடியது. முதல் உலகப்போருக்குப் பிறகு மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அரசு 1922 முதல் இங்கே ஊசியிலை மரங்களை நட்டது. கூகுள் வரைபடத்தில் இந்த ஊரைச் சுற்றிப் பச்சையாகத் தெரிவது அந்தக் காடுதான், பழங்காலத்துக் காடு என்று நினைத்துவிட வேண்டாம்.

இதையெல்லாம்விட மக்கள் கூட்டமாக நின்று பார்ப்பது தெட்ஃபர்ட் புதையலை. 1979இல் ஊருக்கு வெளியே காலோஸ் ஹில்லில், கட்டட வேலை நடக்கவிருந்த நிலத்தில், அனுமதி இல்லாமல் உலோகம் கண்டறியும் கருவியோடு போன ஒருவருக்குக் கிடைத்தது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் யாரோ ஒளித்து வைத்த 22 தங்க மோதிரங்கள், ஆடும் வனதேவன் பொறித்த தங்க வார்ப்பூட்டு, 33 வெள்ளிக் கரண்டிகள், அவற்றில் பலவற்றில் ஃபானஸ் என்ற ரோமானியக் கடவுளின் பெயர். கிறிஸ்தவம் அரச மதமாகிக்கொண்டிருந்த காலத்தில் பழைய தெய்வத்தைக் கும்பிட்டவர்களின் சொத்து அது. எடுத்தவர் உடனே சொல்லவில்லை, விஷயம் வெளியே வருவதற்குள் அந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. அதனால் எது எப்படிக் கிடந்தது, கூடவே பானையோ நாணயமோ இருந்ததா என்பதெல்லாம் போயே போய்விட்டது. தங்கம் கிடைத்தது, தகவல் தொலைந்தது. அசல் பொருள்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தெட்ஃபர்டில் இருப்பவை நகல்கள்.

நகல் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் மண்ணில் கிடைத்தது எங்கள் ஊரில் இல்லையே என்ற ஆதங்கம் ஊர்க்காரர்களுக்கும் இருக்கும். ஆனால் நாலு அறை மியூசியம் அந்த அளவு தங்கத்துக்குக் காப்பீடும் காவலும் வைக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாச் செலவையும் நிறுத்த வேண்டியதுதான். இதுபோன்ற கண்டெடுப்புகளுக்கான சட்டம் பின்னால் மாறியது. 1996இல் வந்த புதையல் சட்டப்படி, தங்கம் வெள்ளி கலந்த 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மரண விசாரணை நடத்தும் அதே கரோனர்தான் இதையும் விசாரிப்பார். புதையல் என்று முடிவானால் மியூசியங்களுக்கு வாங்கும் வாய்ப்பு, நிபுணர் குழு சொல்லும் விலையை எடுத்தவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொள்வார்கள். கூடவே, புதையல் அல்லாத சாதாரணக் கண்டெடுப்புகளையும் பதிவு செய்ய 1997இல் ஒரு திட்டம் தொடங்கியது. இதற்குப் பிறகு ஊர் மியூசியங்களுக்குப் பெரிய பெரிய விஷயம் இல்லாவிட்டாலும் வெள்ளி ஊசி, மோதிரம், காசு என்று தங்கள் பகுதிப் பொருள்களை வாங்க வழி பிறந்தது. இப்படிப் பதிவாகும் புதையல்களில் நார்ஃபோக் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் மாவட்டம்.

இனி பணம். 1845இல் வந்த மியூசியச் சட்டம், 10 ஆயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள் வரியில் அரை பென்னி எடுத்து மியூசியம் நடத்தலாம் என்றது. தெட்ஃபர்டில் அப்போது அதில் பாதி மக்கள்கூட இல்லை. பிற்பாடு அந்த வரம்பு தளர்ந்தாலும் சின்ன ஊர்களுக்குக் காசு எங்கே? அதனால்தான் இந்த ஊர்களில் மியூசியம் என்பது பெரும்பாலும் ஒரு பணக்காரரின் உயிலாகவோ, வட்டாரப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய சங்கமாகவோ ஆரம்பித்தது. சாஃப்ரன் வால்டனில் 1835இலேயே இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் தனிக் கட்டடம் கட்டி மியூசியம் திறந்தார்கள். அங்கே பாடம் செய்த ஆப்பிரிக்க யானை ஒன்று இருந்தது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் இந்தியப் பகுதிக்கு அம்பாரி வந்துவிட்டது, ஏற்றி வைக்க யானை இல்லை, எங்கெங்கோ தேடி இந்த யானையை இரவல் வாங்கி அதன் முதுகில் வைத்தார்கள். இந்தியாவின் பெருமையைச் சுமந்து நின்றது எஸ்ஸெக்ஸ் ஊர் மியூசியத்து ஆப்பிரிக்க யானை. காதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேரோ.

விஸ்பீச் என்ற இன்னொரு சந்தை ஊரில், அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய தாமஸ் கிளார்க்சனின் மரப்பெட்டி இருக்கிறது. அவர் அந்த ஊரில் 1760இல் பிறந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைத்தான் ஏற்ற வேண்டுமா, துணி இருக்கிறது, மிளகு இருக்கிறது, மரம் இருக்கிறது, தந்தம் இருக்கிறது பாருங்கள் என்று அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டியே பிரச்சாரம் செய்தார். அதே மியூசியத்தில் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. டிக்கன்ஸுக்கும் விஸ்பீச்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் தன் நண்பருக்குக் கொடுத்தார், நண்பர் சாகும்போது தன் சேகரிப்பை இந்த மியூசியத்துக்கு எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

இன்றைய சட்ட நிலையும் இப்படியே அந்தரத்தில்தான். 1964 சட்டப்படி நூலகம் நடத்துவது உள்ளாட்சியின் கடமை, மியூசியம் நடத்துவது விருப்பம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் கை வைக்க வசதியான இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. நார்ஃபோக்கில் 1974 உள்ளாட்சி மாற்றத்தின்போது மாவட்டமும் கீழ்நிலைக் கவுன்சில்களும் சேர்ந்து ஒரே மியூசியச் சேவையாக ஆக்கிக்கொண்டதால் ஏன்ஷியன்ட் ஹவுஸுக்கு நார்விச் கோட்டை மியூசியத்தின் பாதுகாப்பு வல்லுநர்களும் கிடங்குகளும் பக்கபலமாக இருக்கின்றன. தனித்து நிற்கும் மியூசியங்கள் ஓய்வு பெற்றவர்களின் தன்னார்வ உழைப்பில் ஓடுகின்றன, அதனால்தான் வாரத்தில் சில நாள், குளிர்காலத்தில் பூட்டு என்று இருக்கும்.

நெருக்கடியில் விற்றுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நார்தாம்ப்டன் நகராட்சி அதைச் செய்து பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு குடும்பம் கொடுத்த செகெம்கா என்ற பழைய எகிப்தியச் சிலையை 2014இல் ஏலத்தில் விட்டார்கள், 1 கோடியே 57 லட்சம் பவுனுக்கும் மேல் போனது. தொகையில் பாதிக்குச் சற்று மேல் நகராட்சிக்கு, மீதி கொடுத்த குடும்பத்தின் வாரிசுக்கு. உடனே, மியூசியங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் நார்தாம்ப்டனின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அங்கீகாரம் போனால் பல மானியங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தண்டனையைவிடப் பெரிய சேதம் வேறு: நாளைக்கு விற்றுவிடுவார்கள் என்று தெரிந்தால் எந்தப் பாட்டி தன் கணவரின் பதக்கங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்?

கொடுத்தவர்களின் கதைதான் மியூசியம் என்றால், கொடுக்காதவர்களின் கதை என்னாவது என்ற கேள்வி தானாக வரும். தெட்ஃபர்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பகாமாஸ் தீவில் பிறந்து மருத்துவராக இந்த ஊருக்கு வந்த ஆலன் கிளேஷர் மின்ஸ் 1904இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர் அவர்தான். ஆனால் நெடுங்காலம் 1913இல் லண்டன் பாட்டர்சீயில் மேயரான ஜான் ஆர்ச்சர்தான் முதல்வர் என்று புத்தகங்களில் எழுதிவந்தார்கள். தெட்ஃபர்ட் மாதிரி ஒரு சின்ன ஊரில் அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் லண்டன் நெரிசலைக் குறைக்கக் குடும்பங்களையும் தொழிற்சாலைகளையும் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள், 5 ஆயிரத்துக்குள் இருந்த மக்கள்தொகை 20 ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு போர்த்துக்கீசியரும் கிழக்கு ஐரோப்பியரும் உணவுத் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். இன்றைய தெட்ஃபர்ட்காரர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். டியூடர் வணிகரின் வீடு அவர்களுக்கு எந்த வகையில் சொந்தம் என்பதற்கு நான் யோசித்தவரை, அதைக் கொடுத்தவரே வந்த குடும்பத்துப் பிள்ளைதான் என்பதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கிளம்பும் முன் திறக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கும்போது 'கிஃப்ட் எய்ட்' வேண்டுமா என்று கேட்பார்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர் சரி என்று சொன்னால், தொண்டு அமைப்பு ஒவ்வொரு பவுனுக்கும் 25 பென்னி அரசிடமிருந்து திரும்பப் பெறலாம், அதற்காகத்தான் அந்தப் படிவமும் கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் நன்கொடையும். வரி கட்டாதவர்கள், சுற்றுலா வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது சேகரிப்பில் ஒரு சிறு பகுதிதான், குறிப்பாக எதையாவது தேடிப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. மேசையில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள், பெரும்பாலும் பேச ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

நேரம் இருந்தால் எல்வடன் வரை போய் வரலாம். மாளிகைக்குள் விடமாட்டார்கள், அது தனியார் சொத்து. தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. துலீப் சிங், மனைவி பம்பா, சின்ன வயதில் இறந்த மகன் எட்வர்ட், மூவரின் கல்லறைகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஃபிரெடரிக்கைத் தேடினால் அங்கே கிடைக்கமாட்டார். அவர் 1926இல் இறந்தபோது பிளோ நார்ட்டனிலேயே புதைத்தார்கள், தெட்ஃபர்டுக்குக் கிழக்கே, கார் இருந்தால் அரை மணிக்குள் போய்விடலாம்.